மாமா இறுக்கிய நட்டு

மாமா ஒரு சக்கரத்தின் நட்டை இறுக்கினால் அதைக் கழற்றவும் மாமாவேதான் வரவேண்டும் என்பது நாவலப்பிட்டி வாடகைக் கார் ஸ்டாண்டில் வழங்கிய பேச்சு. அதை யாரும் குறையாகச் சொல்லவில்லை. அது மாமாவின் பட்டம். மற்றச் சாரதிகளும் டயர் மாற்றினால் கடைசி இறுக்குக்கு அவரைக் கூப்பிட்டு அனுப்புவார்கள். அவர் கையை உதறிக்கொண்டு போவார். திரும்பி வரும்போது சட்டைப் பையில் யாரோ வாங்கிக் கொடுத்த பீடியோ டொபியோ இருக்கும். டொபி எனக்கு.

மாமா என் அம்மாவின் தம்பி. அப்போது அவருக்கு வயது இருபத்து நான்கு, எனக்குப் பத்து. எங்கள் வீட்டில் தங்கி, அப்பாவின் வாடகைக் காருக்கு எல்லா வேலையும் செய்தார், ஓட்டுவதைத் தவிர. அனுமதிப்பத்திரம் எடுத்துவிட்டார். தீபாவளி கழிந்ததும் வாரத்தில் இரண்டு நாள் காரை அவரிடம் தருவதாக அப்பா சொல்லியிருந்தார். அந்த இரண்டு நாளுக்காக மாமா காத்திருந்ததைப் போல நான் எதற்கும் காத்திருந்ததில்லை.

அவருடைய முறையை இங்கே சரியாக எழுதிவைக்கிறேன். முதலில் ஸ்டட்டின் புரியில், அதாவது நட்டு ஏறுகிற அந்தத் தடித்த ஆணியின் மரையில், இரண்டு சொட்டு எஞ்சின் எண்ணெய் விடுவார். நட்டு வழுக்கிக்கொண்டு உள்ளே போக வேண்டுமாம். பிறகு ஸ்பேனரை மாட்டி, அதன் பிடியில் மூன்றடி நீளத் தண்ணீர்க் குழாயைச் செருகுவார். இரண்டு கையாலும் காரின் கூரை விளிம்பைப் பிடித்துக்கொண்டு குழாயின் நுனியில் ஏறி நின்று, இரண்டு தடவை குதிப்பார். கடைசியில் ‘கிரீச்’ என்று ஒரு சத்தம் வரும்.

“கேட்டியா பாப்பா? நட்டே வாயைத் தொறந்து போதும்னு சொல்லுது.”

அப்பா நிதானமான மனிதர். மணிக்கு இருபத்தைந்து மைலைத் தாண்டமாட்டார். ஆனால் இந்த விஷயத்தில் அவருக்கும் மாமாவின் கால்மேல் முழு நம்பிக்கை. “மாப்ள இருக்கிற வரைக்கும் என் வீலு கழண்டு ஓடாது” என்பார். இறுக்கம் என்றால் பாதுகாப்பு, அதிக இறுக்கம் என்றால் அதிகப் பாதுகாப்பு. எங்கள் வீட்டில் இதைச் சந்தேகித்தவர் எவருமில்லை.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். நான் எதையும் அரைகுறையாக விடாத பிள்ளை. கொப்பிகளுக்கு உறை போட்டால் உறையின் உட்பக்கத்திலும் பெயர் எழுதுவேன். அந்த வருடம் ஆயுத பூசைக்குக் காரைக் கழுவினோம். மாமா நான்கு சக்கரங்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றி முற்றத்தில் சாக்கின் மேல் வைத்தார். அப்பா ஒரு சின்ன டின் வெள்ளிநிறப் பெயிண்டும் தூரிகையும் தந்து, ரிம்முக்குப் பூசும் வேலையை என்னிடம் ஒப்படைத்தார்.

“வெளிப்பக்கம் மட்டும் அடி. பட்டும் படாம அடி” என்று சொல்லிவிட்டுப் பூசைச் சாமான் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனார்.

வெளிப்பக்கம் பூசி முடிந்தபோது டின்னில் முக்கால்வாசி மீதமிருந்தது. சாமி வெளிப்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவரா என்று யோசித்தேன். இல்லை என்றே பட்டது. ரிம்களைப் புரட்டி உட்பக்கமும் பூசினேன். நட்டு உட்காருகிற துவாரங்களின் விளிம்பில் தூரிகையைச் சுழற்றிச் சுழற்றிப் பூசினேன். காய்ந்த பிறகு இரண்டாவது தடவையும் பூசினேன். டின் காலியானது. மாமா ரிம்மின் முதுகைப் பார்க்காமலே சக்கரங்களை மாட்டினார், வழக்கம்போல ஏறிக் குதித்தார். அப்பா நட்டுகளுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். என் கொப்பியில் அன்று இரவு ‘வேலை முழுமையாகச் செய்யப்பட்டது’ என்று எழுதினேன்.

மூன்றாம் நாள் அப்பா ஸ்பேனரை வைத்துப் பார்த்தபோது முன்பக்க இடது சக்கரத்தின் நட்டுகள் சற்றே விட்டுக்கொடுத்தன. மாமாவுக்கு அது பெரிய அவமானம். தாம் இறுக்கிய நட்டு தளர்வதா? இரண்டு தடவைக்குப் பதிலாக நான்கு தடவை குதித்தார். ஆறாம் நாள் மாலையும் கொஞ்சம் தளர்ந்திருந்தது. அன்று எத்தனை தடவை குதித்தார் என்று நான் எண்ணவில்லை. எண்ணாதது எனக்கு இன்னமும் உறுத்துகிறது.

ஏழாம் நாள் அக்காவுக்குக் கண்டியில் நேர்முகப் பரீட்சை.

அக்கா உயர்தர வகுப்பு முடித்து ஆசிரியர் நியமனத்துக்கு விண்ணப்பித்திருந்தாள். எங்கள் சொந்தத்தில் அந்த அளவுக்குப் படித்தவள் அவள் ஒருத்திதான். தாத்தா காலத்திலிருந்து தேயிலைக் கொழுந்துக் கூடையோடு நின்ற குடும்பத்தை அப்பா ஒரு காரால் டவுனுக்குக் கொண்டுவந்தார். அக்கா ஒரு கடிதத்தால் அடுத்த இடத்துக்குக் கொண்டுபோவாள் என்று எல்லோரும் நம்பினோம். கடிதத்தில் காலை பத்து மணி என்று இருந்தது. தாமதித்து வருவோர் சேர்த்துக்கொள்ளப்படமாட்டார்கள் என்றும் இருந்தது. அந்த வரியின் கீழ் நான் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தேன். எனக்கு அன்று பாடசாலை விடுமுறை. அக்கா எதையும் எங்காவது வைத்துவிட்டுத் தேடுகிறவள் என்பதால், சான்றிதழ்க் கோவையைப் பிடித்துக்கொள்ள என்னையும் அழைத்துப் போனார்கள். கோவையில் ஏழு தாள்கள்.

ஆறே முக்காலுக்குப் புறப்பட்டோம். அப்பா ஓட்டினார், மாமா பக்கத்தில், நாங்கள் இருவரும் பின்னால். மழை தூறிக்கொண்டிருந்தது. கம்பளையைத் தாண்டியதும் தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்குவதுபோல ஒரு சத்தம் கேட்டது. வேகம் கூடினால் நின்றது, குறைந்தால் மறுபடி வந்தது. அப்பா தலையைச் சாய்த்துக் கேட்டபடியே ஓட்டினார். கெலிஓயாவை நெருங்கும்போது ஸ்டியரிங் அவர் கையில் நடுங்குவதைப் பின்னாலிருந்தே நான் பார்த்தேன். ஓரங்கட்டி நிறுத்தினார். அக்காவின் கைக்கடிகாரத்தில் எட்டு ஐந்து.

இடது முன் சக்கரத்தின் மூடியை மாமா நெம்பி எடுத்தார். அதற்குள்ளிருந்து இரண்டு நட்டுகள் அவர் உள்ளங்கையில் விழுந்தன. ஒவ்வொரு நட்டுக்குள்ளும் உடைந்த ஸ்டட்டின் துண்டு இருந்தது. அந்தக் காருக்கு ஒரு சக்கரத்துக்கு நான்கு ஸ்டட். இரண்டு போய்விட்டது, இரண்டு மிச்சம்.

சாலையின் எதிர்ப்பக்கம் ஒரு டயர்க் கடை. சாரமும் வெள்ளைத் தொப்பியும் அணிந்த, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் அப்போதுதான் பலகைகளைக் கழற்றிக் கடையைத் திறந்துகொண்டிருந்தார். முஸ்லிம் பெரியவர்களை எங்கள் பக்கம் அழைக்கிறபடி அப்பா அவரை “நானா” என்று கூப்பிட்டார். அவர் அவசரமில்லாமல் சாலையைக் கடந்து வந்தார். மாமாவின் கையிலிருந்த துண்டை எடுத்து, உடைந்த முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார்.

“கண்ணு பட்டிடுச்சு நானா” என்றார் அப்பா. “பூசைக்குப் பெயிண்டெல்லாம் அடிச்சு ஜோரா வச்சிருந்தோம். ஸ்டாண்டுல ஒருத்தன் பாக்கி இல்லாம பார்த்தாங்க.”

“கண்ணு பட்டா கண்ணாடிதான் ஒடயும், ஸ்டட் ஒடயாது தம்பி. இதப் பாருங்க. முக்கால்வாசி கறுப்பு, ஓரத்துல கொஞ்சம் மட்டும் பளபளப்பு. கறுத்த எடம் பழைய வெடிப்பு, மாசக்கணக்கா கொஞ்சம் கொஞ்சமா வெடிச்சி வந்தீக்குது. இண்டைக்கி ஒடஞ்சது இந்தப் பளபளப்பு மட்டுந்தான்.”

நானும் எட்டிப் பார்த்தேன். அவர் சொன்னபடியே இருந்தது. அதன் பொருள் எனக்கு எட்டவில்லை.

அக்கா காரின் கண்ணாடியை இறக்கி, “நேரமாகுது அப்பா” என்றாள்.

மாமா நிமிர்ந்தார். “ரெண்டு நட்டு இருக்கில்ல அத்தான். நல்லா இறுக்கிட்டு மெதுவா போயிடலாம். ஏழு மைலுதான். நான் லொறியில கிளீனரா இருந்தப்ப ரெண்டு நட்டுல ரம்பொடை ஏத்தமே ஏறியிருக்கோம்.”

“அப்ப உங்களுக்கு ஆயுசு மிச்சம் ஈந்தீக்குது” என்றார் நானா.

அப்பா சக்கரத்தைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், பேராதனைப் பக்கம் போகிற சாலையைப் பார்த்தார். “இதச் சரிபண்ண எவ்வளவு நேரமாகும் நானா?”

“எடுத்தா ரெண்டு மணித்தியாலம்.”

“அப்ப பத்து மணிக்குப் போக முடியாதே. மெதுவா, ரொம்ப மெதுவா போனா?”

நானா குந்தியிருந்து மிச்சமிருந்த இரண்டு ஸ்டட்டையும் விரலால் தொட்டார். அவர் பேச்சில் ‘சொல்ல’ என்பது ‘செல்ல’. “அதுக்கு நீங்க எனக்கு ஒரு பதில் செல்லணும். இந்த ஒடஞ்ச ரெண்டும் பழுதான சாமான் எண்டா, மத்த ரெண்டையும் நம்பி மெல்லப் போகலாம். மிச்சம் இறுக்கி, இழுபட்டு ஒடஞ்சது எண்டா, இது ரெண்டும் அதே இழுவ இழுபட்டுத்தானே ஈக்குது? அடுத்த வளைவுலயே போகும். அத இரும்பு செல்லாது. இறுக்கின ஆள்தான் செல்லணும். கையால இறுக்கினதா, காலால இறுக்கினதா?”

மழை வலுத்தது. நானா பதிலுக்குக் காத்திருந்தபடியே காரை ஜாக்கில் தூக்கி, மிச்ச நட்டுகளையும் கழற்றி, சக்கரத்தை இழுத்துப் புரட்டினார்.

“இதென்ன, உள்ளுக்கும் பூசீக்குது? கலியாண ஊட்டுக்குப் போற வண்டியா?” நகத்தால் சுரண்டினார். வெள்ளிப் பொருக்கு கையோடு வந்தது. “ரிம்மும் அச்சுல ஈக்குற ஹப்பும் இரும்போட இரும்பா ஒட்டி உட்காரணும். நடுவுல பெயிண்ட் ஈந்தா அது மெத்த மாதிரி. ஓட ஓட நசுங்கும், நட்டு தளரும். தளந்தா ரிம் ஆடும். ஆடினா அந்த ஆட்டமெல்லாம் ஸ்டட்டுலதான் உழும்.”

அப்பாவின் முகம் மெல்ல என் பக்கம் திரும்பத் தொடங்கியது. கோவையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு காரின் பின்பக்கம் இரண்டடி நகர்ந்தேன்.

“நான்தான் நானா” என்றார் மாமா.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

“காலாலதான். குழாய் போட்டு, மேல ஏறி நின்னு குதிச்சு இறுக்குவேன். எண்ணெயும் விட்டிருக்கேன். இன்னைக்கு நேத்து இல்ல, ரெண்டு வருசமா அப்படித்தான்.” அப்பாவைப் பார்க்காமல் சொன்னார்: “இந்த வீலு மட்டுமில்ல. நாலும்.”

அப்பாவின் முகம் என்னை வந்தடையவில்லை. பாதியிலேயே மாமாவிடம் நின்றுவிட்டது. “அப்ப கார் நகராது” என்றார்.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. கம்பளையிலிருந்து வந்த கண்டி பஸ் நிறைந்து வழிந்தது, நிறுத்துகிற எண்ணம் அதற்கு இல்லை. நானா வீல் ஸ்பேனரை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நடுச்சாலையில் போய் நின்றார். சாரதி ஏச, நானா சிங்களத்தில் ஏதோ சொல்ல, கொண்டக்டர் சிரித்துவிட்டு அக்காவுக்கு வழிவிட்டார். நான் கோவையைத் திறந்து தாள்களை எண்ணத் தொடங்கினேன்.

“எண்ணாத பாப்பா, குடு” என்று மாமா அதைப் பறித்துச் சட்டைக்குள் வைத்துப் பொத்தான் போட்டார். மிதிபலகையில் ஒற்றைக் காலில் தொங்கியபடி மழையில் போனார்.

நானும் அப்பாவும் கடையில் இருந்தோம். நானா நான்கு சக்கரத்தையும் கழற்றினார். ஒவ்வொரு ஸ்டட்டிலும் நட்டை விரலால் மட்டும் ஓட்டிப் பார்த்தார். இழுபடாத ஸ்டட்டில் நட்டு விரலுக்கே கடைசிவரை ஓடும், இழுபட்டதில் பாதியில் சிக்கும். பின்சக்கரங்களிலும் மூன்று சிக்கின, அவற்றை மாற்றினார். முன் இடதில் உடையாத இரண்டையும் சேர்த்தே தட்டி எடுத்துவிட்டு நான்குமே வேறு போட்டார். பழைய வண்டியொன்றிலிருந்து எடுத்து வைத்திருந்த ஸ்டட்டுகள், ஆனால் இழுபடாதவை. புரியை மண்ணெண்ணெயில் கழுவித் துணியால் உலர்த்தினார். எதிரெதிர் நட்டாக, மூன்று தடவையில், குழாயில்லாமல், ஒரு கையால் இறுக்கினார்.

“முப்பது மைல் ஓடினத்துக்குப் பொறகு ஒருக்கா ஸ்பேனர் வச்சிப் பாருங்க. குதிக்கத் தேவல்ல. நட்டும் மனிசன் மாதிரிதான், அளவுக்கு மேல இறுக்கினா பிடிக்காது, இழுபடும்.”

இடையில் என்னிடம் ஒரு துண்டு அரத்தாளை நீட்டினார். “புள்ள, சும்மா ஈக்காம இதத் தேய்ங்க.” நான்கு ரிம்களின் முதுகையும் நான் இரும்பு தெரியும்வரை தேய்த்தேன். என் நகக்கண்ணில் வெள்ளிநிறம் இன்னும் இருந்தது. அவர் அதைக் கவனித்தாரா என்பதை என்னால் உறுதியாக எழுத முடியாது.

அக்கா பத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது போய்ச் சேர்ந்திருக்கிறாள். கூப்பிட்டது பன்னிரண்டேகாலுக்கு. அவ்வளவு நேரமும் மாமா நனைந்த சட்டையோடு வெளியே நின்றிருக்கிறார். நியமனம் கிடைத்தது. முப்பத்திரண்டு வருடம் கற்பித்துவிட்டு இப்போது ஓய்வில் இருக்கிறாள்.

தீபாவளி வந்தது. அப்பா காரை மாமாவிடம் தரவில்லை. கோபமாக ஒன்றும் சொல்லவில்லை, அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை. மாமா மேலும் ஒரு வருடம் காத்திருந்தார். ஸ்டாண்டில் கடைசி இறுக்குக்கு அவரைக் கூப்பிடுவதும் நின்றுபோனது. கேட்டவர்களிடம் அவரே, “நான் இறுக்கினா ஒடையும்ப்பா, வேற ஆளைப் பாருங்க” என்று சொல்லிவிட்டார்.

எனக்கு மட்டும்தான் உண்மை தெரியும் என்று நான் நினைத்தேன். பெயிண்ட் பூசியது நான். மாமா என்னைக் காப்பாற்றப் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டார், அதற்காக ஒரு வருடத்தையும் பட்டத்தையும் இழந்தார். அவர் குழாய்மேல் குதித்ததை நூறு தடவை பார்த்திருக்கிறேன். ஆனால் அது பிழையாக இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. அது மாமாவின் பெருமையல்லவா? ஆகவே நன்றியை ஒழுங்காகச் செலுத்தினேன். அவர் சட்டைகளுக்கு மடிப்புக் கலையாமல் அயன் போட்டேன். என் பங்குக் கருவாட்டில் நடுத்துண்டை அவர் தட்டில் வைத்தேன். “இந்தப் புள்ளைக்கு என்னமோ ஆயிடுச்சு” என்று மாமா சொன்னாரே தவிரத் துண்டைத் திருப்பித் தந்ததில்லை.

ஐந்து வருடத்துக்கு முன் கட்டுகஸ்தோட்டையில் என் சொந்தக் காரின் டயரை மாற்றியபோது, காற்றுத் துப்பாக்கியால் இறுக்கிய பையன் ஒரு ஸ்டட்டை உடைத்துவிட்டான். உடைந்த முகத்தில் முக்கால்வாசி கறுப்பு. நானா வெளிச்சத்துக்குத் திருப்பிக் காட்டிய துண்டு நினைவுக்கு வந்தது. அன்றிலிருந்து என் கார்ச் சக்கரத்தைக் கையால்தான் இறுக்கவிடுகிறேன். ரிம்மின் முதுகைத் துடைத்தார்களா என்று குனிந்து பார்க்கிறேன். ஐம்பது கிலோமீற்றரில் திரும்பப் போய்ச் சரிபார்த்து நாட்குறிப்பில் திகதி போடுகிறேன்.

ஸ்டட் உடைந்த அந்த வார ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டுக்கு வந்தார். இப்போது அவர் ஹேவாஹெட்டப் பக்கம் சொந்தமாகப் பாடசாலை வேன் ஓட்டுகிறார். சாப்பிட்டுக் கதிரையில் சாய்ந்திருந்தவரிடம், முப்பத்தைந்து வருடமாகச் சொல்லாததைச் சொன்னேன். பெயிண்ட் பூசியது நான்தான் என்றும், எனக்காக அவர் பழியேற்றதை மறக்கவில்லை என்றும்.

மாமா சிரித்தார்.

“ஒனக்காகவா? அடி இவளே, பெயிண்ட் யாரு அடிச்சாங்கன்னு எனக்கு அன்னைக்கு ஞாபகமே இல்ல. ஒங்கப்பா ஒன் பக்கம் திரும்புனதையும் நான் பார்க்கல.”

“அப்ப ஏன் நான்தான்னு சொன்னீங்க?”

“நான்தானே செஞ்சேன்.” சிரிப்பு நின்றது. “அந்த நானா கையாலயா காலாலயான்னு கேட்டாரு. கையாலன்னு சொல்லிட்டு ஏறி உட்கார்ந்திருக்கலாம். அத்தானும் கெளப்பியிருப்பாரு. சொல்லத்தான் வாய் வந்துச்சு. பின்னால ஒங்கக்கா உட்கார்ந்திருந்தா. நீயும் பக்கத்துலயே ஏறியிருப்ப. கையாலன்னு சொல்ல முடியல.”

அவ்வளவுதான். வேறு பேச்சுக்குப் போய்விட்டார். அடுத்த வாரம் வேனுக்குத் தகுதிச் சான்று எடுக்க வேண்டியிருந்தது.

என் நன்றியை நான் திருத்தி எழுதவேண்டியிருந்தது. குறையவில்லை. இடம் மாறியது. செய்யாத பிழையை எனக்காக ஏற்றார் என்று நினைத்து அவரைப் போற்றிவந்தேன். அவரோ செய்த பிழையைச் செய்ததாகச் சொன்னார். நானா காட்டிய கறுப்பு மாதக்கணக்கான வெடிப்பு, என் பெயிண்டின் வயதோ ஏழு நாள். அவருக்கு இருந்த ஒரே புகழ் அந்தப் பிழைதான். காத்திருந்த காரும் அந்தப் பதிலோடு போய்விடும் என்று அவருக்குத் தெரியும். ‘நாலும்’ என்று அவர் சேர்த்திருக்கத் தேவையில்லை, யாரும் கேட்கவில்லை. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் மற்ற மூன்று சக்கரங்களும் கழன்றன.

மற்ற மூன்றிலும் என் பெயிண்டும் இருந்தது. அது எனக்குத் தெரியும். எவ்வளவு கனமாக இருக்கிறதென்று எனக்கு மட்டும்தான் தெரியும். நானா சக்கரத்தைப் புரட்டியபோது நானும் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். ஏச்சுக்குப் பயந்து நின்றேன். என் வாயை மூடிக்கொண்டதால் அக்கா ஏறிப் போகப்போகிற வண்டிக்கு என்ன ஆகும் என்று பத்து வயதில் நான் யோசிக்கவில்லை. மாமா யோசித்தார்.